வீட்டுக்கு விட்ட பாத்தி

என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை, அவருடைய பிரிவை அப்படியே புனேவுக்கு மாற்றியது. ஓசூரில் பதினாறு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ராயக்கோட்டை சாலையில் ஊருக்கு வெளியே மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சை நம்பி அவர் மட்டும் போனார். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். நான் புது வீட்டில் தங்கிவிட்டேன்.

எங்கள் லேஅவுட்டில் நாற்பது மனைகள். வீடு எழும்பியது ஏழில். அந்த ஏழிலும் நான்கு, பெங்களூர்க்காரர்கள் கட்டிப் பூட்டிப் போட்டவை. எங்கள் வீடு போக மீதி இரண்டு வீட்டுக்காரர்களும் காலை ஷிப்டுக்கு வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள். நானும் ஒரு கம்பெனியில் பதினாலு வருடம் லென்ஸ் வழியாகச் சர்க்யூட் போர்டு பார்த்துக்கொண்டிருந்தவள்தான். கண் எரிச்சல் தாங்காமல் விட்டுவிட்டேன். வேலையில் இருந்தவரை பக்கத்து நாற்காலியில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அது இல்லாமல் போனதே வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

மாடியில் துணி காயப்போடப் போனால் கண்ணுக்கு எட்டியவரை தக்காளித் தோட்டம். குச்சி நட்டு, கயிறு இழுத்துக் கட்டி, வரிசை வரிசையாக நிற்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் முதுகில் டேங்க்கோடு வந்து மருந்து அடிப்பார். அந்த நெடி துணியில் ஏறும். சன்னலைச் சாத்தினாலும் சமையலறைக்குள் வரும். பறித்த பழம் டெம்போவில் மண்டிக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், அதில் கழிந்தது எங்கள் பஸ் நிறுத்தக் கடைக்குத் திரும்பி வரும். கண்ணுக்கு எதிரே விளைந்ததை மூன்று நாள் பழசாக வாங்கி வந்து, அந்த நெடியையே குழம்பில் வைத்துச் சாப்பிடுகிறோமோ என்று ஒருநாள் தோன்றியது. ஒரு ஆளுக்குத்தானே சமைக்கிறோம், அதையாவது நல்லதாக வாங்குவோம் என்று தேடத் தொடங்கினேன். தேட ஒன்று கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. வெளியே போக ஒரு காரணம் ஆயிற்று.

ஓசூரில் ஒரு இயற்கை அங்காடிக்குப் போனேன். ராகி மாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் எங்கோ வடக்கே ஒரு மாநிலத்தின் முகவரி. நான் ஏறி வந்த பஸ்ஸே, ரோட்டில் கதிர் பரப்பியிருந்த ராகி மேல்தான் ஏறி வந்திருந்தது. உழவர் சந்தையில் ஒவ்வொருவராக, "மருந்து அடிக்காததா?" என்று கேட்டேன். ஒருவர் நான் எதைத் தொட்டாலும் "ஆமாங்க, அதுவும்தான்" என்றார். இன்னொரு அம்மாள் சிரித்துவிட்டு, "அடிக்காம இந்த சைஸ் வருமாம்மா?" என்று காலிஃபிளவரைத் தூக்கிக் காட்டினார். அவருடைய நேர்மைக்காகவே அதை வாங்கி வந்தேன்.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, கல்லாவிப் பக்கம் ஒருவர் உரமே போடாமல் சாமை பயிரிடுவதாகச் சொன்னாள். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அறுப்புக்கு முன்பே பெங்களூர்க் கம்பெனி ஒன்று மொத்தத்தையும் பேசி எடுத்துக்கொண்டதாம்.

"ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமேங்க" என்று அந்த மனிதர் மெய்யாகவே வருத்தப்பட்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வெறும் பையோடு திரும்ப மனமில்லாமல் கல்லாவிக் கடையில் ஒரு கிலோ வேர்க்கடலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது எந்த ஊர்க் கடலை என்று கேட்கவில்லை. வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தேன். அன்று காலை ஆறரையிலிருந்து கண்டக்டரோடும் அந்த மனிதரோடும் கடலைக் கடைக்காரரோடும் தவிர யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வீட்டுக் கதவைத் திறக்கும்போது நினைவுக்கு வந்தது.

கிடைத்தது கடைசியில் என் மாடிக்குக் கீழேயே.

கார்த்திகையில் ஒருநாள் காலை, பனி விலகாத நேரம், தக்காளித் தோட்டத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு துண்டு நிலம். குச்சி இல்லை, கயிறு இல்லை. அரைக்கீரை, தண்டுக்கீரை, கத்தரி, மிளகாய், கொட்டகைச் சுவரில் ஏறிய அவரை. கத்தரி இலையெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பூச்சி தின்கிற செடி என்றால் மருந்து படாத செடி.

குனிந்து களை பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். ஆண் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார்.

"இன்னா வேணுங்க்கா?"

"இந்தக் கீரை குடுப்பீங்களா? காசு தந்துருதேன்."

"இது விக்கறதுக்கு இல்லீங்க. வூட்டுக்கு." கையால் தக்காளிப் பக்கம் காட்டினார். "அது விக்கறது. அதைப் புள்ளைக்குக் குடுக்க முடியுமா? அதான் இந்தப் பாத்தியை மட்டும் தனியா வுட்டு வெச்சிருக்கேன். இதுல ஒரு சொட்டு மருந்து படாது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அந்த லேஅவுட்டில் இருப்பதையும், தனியாக இருப்பதையும், மூன்று மாதமாக இதைத்தான் தேடுகிறேன் என்பதையும் சொன்னேன். கல்லாவி வரை போனேன் என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கீரைக்கா? கல்லாவிக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு ஒரு பிடி அரைக்கீரையைக் கிள்ளி என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. "தந்துருதேன், தந்துருதேன்னு பேசறீங்களே, எந்த ஊரு?" என்றார். கோவில்பட்டிப் பக்கம் என்றேன்.

மறுவாரம் மறுபடி போனேன். காசு கொடுத்தே தீருவேன் என்று நின்றதும், சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் என்று ஆகிவிட்டது. கொட்டகைப் படியில் உட்காருவேன். அவர் மாட்டோடு தெலுங்கில் பேசுவார், மண்டிக்காரரோடு போனில் கன்னடத்தில் சண்டை போடுவார், திரும்பி என்னிடம் தமிழில் மிச்சத்தைச் சொல்லுவார். அவருடைய கணவர் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். தக்காளிக்கு மருந்து அடிப்பதும் அவர்தான். மகள் ஒன்பதாவது படித்தாள். மார்கழியில் அவரைக்கொடி காய்த்தபோது, கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி எடுத்து வைக்கும் குழம்பை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். படியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு கிண்ணம் பிதுக்கம்பருப்பு எடுத்தோம். என் விரலிலிருந்து வழுக்கிப் பருப்பு தெறித்து அவர் நெற்றியில் பட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடு திரும்பிப் பார்த்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவ்வளவு கீரை தேவைப்படவில்லை. ஒரு கட்டு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். மூன்று கட்டு, அரைக் கிலோ கத்தரி, கொஞ்சம் மிளகாய், அப்புறம் அந்தப் பக்கம் இருக்கிற பீர்க்கங்காய் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் பறித்துக்கொண்டே பேசுவார். அரை மணி, முக்கால் மணி ஆகும். வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜில் போன வாரத்துக் கீரை அழுகியிருக்கும். அதை எடுத்துப் போட வெட்கமாக இருந்தது. அதனால்தான் ஒரு பையில் போட்டு ஓசூரில் அடுக்குமாடியில் இருந்த, கல்லாவியைப் பற்றிச் சொன்ன அந்தத் தோழிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அன்று மாலையே போன் செய்தாள். "இந்த டேஸ்ட்டை மறந்தே போய்ட்டேன்டி. எங்க பிளாக்ல எல்லாரும் கேக்குறாங்க."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வாட்ஸப்பில் ஒரு குழு. முதலில் நான்கு வீடு, பொங்கல் கழிந்ததும் பதினொன்று. வெள்ளிக்கிழமை நான் பட்டியல் போடுவேன். சனிக்கிழமை காலை அவர் பறித்துக் கட்டி வைப்பார். அவருடைய கணவர் கம்பெனிக்கு ஆள் ஏற்றப் போகும் வழியில் வேனிலேயே கொண்டுபோய் அடுக்குமாடி வாசலில் இறக்குவார். விலையை நான்தான் சொன்னேன். சந்தை விலைக்கு மேலே, ஆனால் அங்காடிப் பொட்டலத்துக்குக் கீழே. நடுவில் யாரும் தின்னக்கூடாது, முழுசும் அவருக்கே போகவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. யாராவது கத்தரியில் ஓட்டை என்று படம் எடுத்துப் போட்டால், பூச்சி நம்பிச் சாப்பிட்டதை நாமும் நம்பலாம் என்று பதில் போடுவேன். போன் நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் யாரோ எனக்காகக் காத்திருந்தார்கள். கணவர் போனில் பேசும்போது, "என்ன, ரொம்ப பிஸியா இருக்க?" என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்குப் பிடித்திருந்தது.

கொட்டகைப் படியில் உட்காருவது குறைந்திருந்தது. கணக்கு சொல்லவும் பை கொடுக்கவுமே நேரம் சரியாக இருந்தது. அதை அப்போது கவனிக்கவில்லை.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை கோடை மழை பிடித்துக்கொண்டது. பட்டியல் சொல்ல அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. குடையோடு கிளம்பிப் போனேன். கொட்டகையில் ஆள் இல்லை. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஊர். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அத்தனை மாதப் பழக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"வாங்கக்கா, நனஞ்சுட்டீங்களே" என்று துண்டு கொடுத்தார். கரண்ட் இல்லாததால் போன் செத்துக் கிடந்ததாம். சமையலறை வாசலில் உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரில் தக்காளி மிதந்தது. கோஸ், பஸ் நிறுத்தக் கடைக் கோஸ். அந்தக் கடையின் மஞ்சள் பை பக்கத்தில் கிடந்தது.

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "என்ன, கோஸ் வாங்கியிருக்கீங்க? தோட்டத்துல கத்தரி நெறைய நிக்கே?"

"அது நாளைக்கு உங்களுக்குப் போவுதே" என்றார். கத்தி நிற்கவில்லை. "பதினொண்ணு வூட்டுக்குப் பத்தணும் இல்ல? போன வாரமே அரைக் கிலோ கொறஞ்சிடுச்சுன்னு உங்க ஃப்ரெண்டு அந்தக்கா போன் பண்ணிச்சு."

"அப்ப வீட்டுக்கு?"

"வூட்டுக்கு இதான். உப்புல போட்டுக் கழுவிட்டா ஒண்ணும் ஆவாது." குத்திக் காட்டுகிற குரல் இல்லை. மழை எப்போது விடும் என்பது போலச் சொன்னார். "ரெண்டு மாசமா இப்டித்தான் ஓடுது."

அந்த உப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் பள்ளிக்கூடப் பையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டாள். அதில் ஒட்டியிருந்தது காலிஃபிளவர். ராகிக் களி கிண்டியிருந்தார். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். கோஸ் சாம்பாரை ஊற்றிக் களி சாப்பிட்டேன். உருண்டை தொண்டையில் நின்றது. அவர் அதைப் பழக்கமில்லாதது என்று நினைத்து, "மெல்லாதீங்கக்கா, முழுங்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். அந்தப் பாத்தி அவர்கள் வீட்டுக்கானது, நாம் எடுத்துக்கொண்டால் அவர்கள் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று. எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. சிலர் கைகூப்பிய படம் போட்டார்கள். சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். என் தோழி மட்டும் போன் செய்தாள்.

"நாம சும்மாவா வாங்கினோம்? அவங்களைக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நல்ல செய்தி சொல்லப் போகிறவள் மாதிரி மழை விட்டதும் திரும்பவும் போனேன். அவர் கொட்டகையில் வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தார், மறுநாள் கீரை கட்டுவதற்கு. இனி பறிக்க வேண்டாம், எல்லாம் உங்கள் வீட்டுக்கே, நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன்.

நாரைக் கீழே வைத்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"இல்ல, உங்க பிள்ளை..."

"எம் புள்ளை இன்னா தின்னுதுன்னு எனக்குத் தெரியாதாக்கா?" குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தக்காளி காசு அவரு பேருக்குப் போவுது. பால் காசு மாமியாருக்குப் போவுது. கல்யாணம் ஆயி பதினேழு வருசத்துல எங் கைக்கின்னு வந்தது இந்தக் கீரைக் காசுதான். அவளை டியூசன் சேத்திருக்கேன் அதுல. நீங்க வந்து ஒரு வேளை களி தின்னுட்டு, பாவம்னு நிறுத்திட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி ஆரம்பித்துவிடலாம், இப்போதே குழுவில் போடுகிறேன் என்றேன்.

"வேணாங்க. நீங்க வுடுங்க" என்று சொல்லிவிட்டு நாரை எடுத்துக்கொண்டார். அந்த 'ங்க' எனக்குக் கேட்டது. அதில் அக்கா இல்லை.

மறுநாள் காலை மாடியிலிருந்து பார்த்தேன். வேன் வழக்கம்போல வந்து நின்றது. பைகள் ஏறின. என் தோழியின் நம்பர் அவரிடம் இருந்திருக்கிறது. இரவே பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் தோழி ஒரு புதுக் குழு ஆரம்பித்தாள். அதில் அந்தப் பெண் இருந்தார், நான் இல்லை. தோழி மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நினைத்துப் பார்த்தால் அவள் செய்தது சரி. அவள் கேட்டுச் செய்தாள்.

நான்கு மாதம் வரப்புப் பக்கம் போகவில்லை. பஸ் நிறுத்தக் கடையில் வாங்கி, உப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவிச் சமைத்தேன். போன் மறுபடி அமைதியானது. சில நாட்களில் மாலை வரைக்கும் பேச வேண்டிய தேவையே வராது. ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் "வெயில் ஜாஸ்தி இல்ல?" என்று சொன்னபோது தொண்டை கரகரத்து, இருமிவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆடியில் மாடியிலிருந்து ஒரு மாற்றம் தெரிந்தது. கொட்டகையை ஒட்டிய ஆறேழு வரிசைத் தக்காளிக் குச்சிகளைப் பிடுங்கி அடுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் உழுது பாத்தி கட்டியிருந்தது. சில வாரத்தில் அது பச்சையாயிற்று. டேங்க்கோடு வருகிற அவருடைய கணவர் அந்த எல்லைக்கு முன்னாலேயே நின்று திரும்பிவிடுவதைப் பார்த்தேன். கணவரைச் சம்மதிக்க வைப்பதற்கு அவர் எத்தனை நாள் பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சைச் சொல்லக் கேட்கும் இடத்தில் நான் இல்லாமல் போனேன்.

ஆவணியில் துணிந்து போனேன். கொட்டகை வாசலில் சாக்கு விரித்து இரண்டு பெண்கள் கீரை கட்டிக்கொண்டிருந்தார்கள். தராசு வந்திருந்தது. அவர் போனில் யாருக்கோ பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையால் இருக்கச் சொன்னார். படியில் கூடைகள் அடுக்கியிருந்ததால் நின்றுகொண்டேன். பழைய பாத்தியைச் சுற்றி முள் போட்டு அடைத்திருந்தது. உள்ளே கத்தரி காய்த்துத் தொங்கியது.

போனை வைத்துவிட்டு வந்தார்.

"சௌக்கியமாங்க? இன்னா வேணும்?"

"கொத்தவரை இருந்தா கால் கிலோ குடுங்க" என்றேன். நிறுத்துக் கொடுத்தார், ஒரு கை கூடவே போட்டார். அடுக்குமாடியில் இப்போது இருபது வீட்டுக்கு மேல் போகிறதாம். முள் அடைத்ததைக் காட்டி, "அதுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு அவரே போட்டாரு" என்றார். மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டேன். படிக்கிறாள் என்றார். கொத்தவரையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சனிக்கிழமை காலையில வேணும்னா கட்டுறதுக்கு நான் வாரேன்" என்றேன். "சும்மாதான் இருக்கேன்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அது எப்போதோ போயிருந்தது.

"வேணாங்கக்கா, ஆள் இருக்கு" என்றார். சாக்கில் உட்கார்ந்திருந்த பெண் தெலுங்கில் ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினார்.

அக்கா என்று சொன்னாரே என்று வரப்பில் நடக்கும்போது நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கொத்தவரையைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கினேன். கால் கிலோ ஒரு ஆளுக்கு அதிகம். முழுவதையும் அன்றைக்கே சாப்பிட்டு முடித்தேன்.